உங்களுக்கு யாரும் செய்யாத பரிசோதனை

என் ஆரோக்கியம் மாமாவுக்கு, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்காமல் பேச்சைத் தொடங்கத் தெரியாத உங்கள் ஸ்டெல்லா எழுதுவது.

முதலில் நல்ல செய்தி. உங்கள் தம்பி அந்தோணி பிழைத்துக்கொண்டான்.

உங்களுக்கு வந்த அதே கிரோன் நோய்தான் அவனுக்கும். குடல் சுவரில் புண்ணாகும், வீங்கும், ஆறுவதுபோல ஆறும், மறுபடி புண்ணாகும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டுவதில்லை. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே குடலைப் பகை என்று நினைத்துத் தாக்குகிறதாம். அடியோடு தீர்க்க மருந்து இல்லை, அடக்கி வைக்க மருந்து இருக்கிறது. அடக்கி வைத்தால் எல்லாரையும்போல வாழலாமாம். எல்லாரையும்போல, மாமா. நீங்கள் இருக்கும்போது இதை நமக்கு யாராவது சொன்னார்களா?

இதையெல்லாம் உங்கள் கல்லறை முன்னால் நின்று மனசுக்குள்ளேயே சொல்லியிருக்கலாம். ஊர் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாரும் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போகிற வண்டி உங்களுடையது. முதலாளி வேறு, ஆனாலும் ஓட்டுகிறவனுடையதுதான் வண்டி என்பீர்கள். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறும்போது நீங்கள் அடிக்கிற ஹாரனை வைத்தே, வருவது ஆரோக்கியம் என்று மேலே இருக்கிறவர்களுக்குத் தெரியும். மரவள்ளி மூட்டையோடு வழியில் நிற்கிற பெண்களுக்காக ஸ்டாப்பே இல்லாத இடத்திலும் நிறுத்துவீர்கள். அந்த வண்டியை உங்களுக்காக ஒரு முறை நிறுத்தியதைத்தான் ஊர் பொறுக்கவில்லை.

முதலில் வாய்ப்புண் வந்தது. பிறகு அடிவயிற்றில் வலது பக்கம் வலி. பிறகு விடிந்ததும் ஓட்டம், போய்விட்டு வந்து உட்காருவதற்குள் மறுபடியும் ஓட்டம். வண்டி எடுக்கும் நாட்களில் சாப்பிடுவதையே விட்டீர்கள். "வயித்துல ஒண்ணும் இல்லன்னா ஓட்டமும் இருக்காது பாரு" என்று பெரிதாக எதையோ கண்டுபிடித்தவர் மாதிரி சொன்னீர்கள். மலை ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கி, பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்துதான் முதல் வாய்ச் சோறு. பேண்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிதாகத் துளை போட்டீர்கள்.

ஆசனவாய்க்குப் பக்கத்தில் கட்டி வந்தபோது எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: சூடு. டிரைவர் என்றாலே சூடு. இளநீர் குடி, வெந்தயம் போடு, எண்ணெய் தேய்த்துக் குளி. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் மூலம், பௌத்திரம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்த ஒரு ஆளிடம் போய்க் கீறிக்கொண்டு வந்தீர்கள். ஆறவில்லை. சீழ் வடிகிற புண்ணுக்குக் கீழே துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து அத்தனை வளைவும் ஓட்டினீர்கள். அந்தத் துண்டைத் துவைத்து வாசல் கொடியில் காயப்போட்டால் கோபப்படுவீர்கள். "உள்ள போடு ஸ்டெல்லா. நாலு பேரு பாப்பாங்க."

கடைசியில் சேலத்துக்குப் போய்க் குடலுக்குள் ஸ்கோப் வைத்துப் பார்த்ததில்தான் நோய்க்குப் பெயர் கிடைத்தது. அந்த டாக்டர் ஒழுங்காகத்தான் சொன்னார். இது வீக்கத்தைச் சட்டென்று அடக்குகிற ஸ்டீராய்டு மாத்திரை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட வேண்டும், அடுத்த மாதம் வாருங்கள், ரத்தம் பார்த்து வேறு மருந்துக்கு மாற்றுகிறேன் என்றார். நீங்கள் லீவு கேட்டுப் போய் நின்றீர்கள். முதலாளி என்ன சொன்னார் என்று நீங்களே வந்து நடித்துக் காட்டினீர்கள்: "மூஞ்சியப் பாத்தா நல்லாத்தான இருக்குது? திருவிழாக் கூட்டம் வந்துக்கினு இருக்கும்போது வண்டிய யாருப்பா எடுப்பா?" சிரித்துக்கொண்டே நடித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சேலம் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் போகாமலே நின்றது. வலி திரும்பியதும் நம் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு கிளினிக்கைப் பிடித்தீர்கள். அங்கிருந்த டாக்டர் பழைய சீட்டைப் பார்த்து அதே மாத்திரையை எழுதினார். அடுத்த முறையும் அதே மாத்திரை. அதற்கடுத்த முறையும் அதே. "வலி இல்லையில்ல? அப்ப அதையே போட்டுக்கினு இருங்க." ஒரு தடவையாவது வயிற்றைத் தொட்டுப் பார்த்திருப்பாரா? உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு பரிசோதனை எழுதியிருப்பாரா? வலி இல்லை என்றால் நோய் இல்லை என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

மாத்திரையில் உங்கள் முகம் உப்பியது. கன்னம் உருண்டு திரண்டது. கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால், "இன்னா ஆரோக்கியம், பேருக்கேத்த மாதிரி ஆயிட்ட" என்பார்கள். என்னைப் பார்த்து, "புருசன நல்லா கவனிச்சிக்கிற" என்பார்கள். உங்கள் கை கால் குச்சியாகிக்கொண்டே வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றும்போது நான் பார்த்தேன்.

அதன்பிறகு அந்த வீடியோ.

மலையில் பாதி ஏறியிருந்தீர்கள். அடக்க முடியவில்லை. வளைவு தாண்டி ஓரமாக வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கல் வைக்கச் சொல்லிவிட்டுத்தான் ஓடினீர்கள். அந்த அவசரத்திலும் பயணிகளை நினைத்தீர்கள். ஜன்னல் வழியாக ஒருவன் போனில் எடுத்தான். நீங்கள் பாறை மறைவுக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே நடந்துவிட்டதும், பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதும், உள்ளே சிரித்த சிரிப்பும் அதில் இருந்தன.

எடுத்தவன் யாரோ. அவன் போகட்டும். அதை நம் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டது உங்கள் தம்பி. "எங்க அண்ணன் அர்ஜென்ட் சர்வீஸ்" என்று எழுதி, கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். நீங்கள் அரும்பு மீசைக் காலத்திலேயே லாரியில் கிளீனராகப் போய்ப் படிக்க வைத்த தம்பி.

முதலாளி உங்களை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார். நான் அந்தோணியின் சட்டையைப் பிடிக்கக் கிளம்பினேன். நீங்கள்தான் கதவை மறித்து நின்றீர்கள். "வுடு. சின்னப் பையன், தெரியாம போட்டுட்டான்." மாமா, அவன் சின்னப் பையன் இல்லை. சின்னசேலத்து உரக்கடையில் கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்குகிற ஆண்பிள்ளை.

சில மாதத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். வயிறு கொஞ்சம் உப்பின மாதிரி இருக்குது என்றீர்கள், அவ்வளவுதான். சேலம் கொண்டுபோகும் வழியிலேயே கை கால் சில்லிட்டது. குடலில் ஓட்டை விழுந்து நாளாகியிருக்கும் என்றார்கள். அந்த மாத்திரை வலியையும் காய்ச்சலையும் மறைத்துவிடுமாம், அதனால் உங்களுக்கே தெரிந்திருக்காதாம். வலி இல்லை, அதையே போட்டுக்கொண்டிருங்கள் என்றாரே ஒருவர், அவர் மாலையோடு வந்திருந்தார். அந்தோணிதான் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதான்.

இப்போது அவன் கதைக்கு வருகிறேன்.

போன வருஷம் அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை ஒரு நாள் நான் வேலை செய்கிற ஜவுளிக்கடைக்கே வந்து, புடவை பார்க்கிற மாதிரி நின்று, என் காதில் சொன்னார். "ஸ்டெல்லா, அவனுக்கும் ரத்தமா போவுதாம்மா. எளச்சிக்கினே போறான். யாருக்கும் தெரியக் கூடாது. பொண்ணு வூட்டுக்காரங்க காதுல வுழுந்துச்சின்னா போச்சி."

என் மனசுக்குள் முதலில் எழுந்த வார்த்தை என்ன தெரியுமா? அனுபவிக்கட்டும். ஒளிக்காமல் சொல்கிறேன். அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை.

"நான் எதுக்கு அத்தை? அவனுக்குக் கைகால் இல்லியா, போவச் சொல்லுங்க" என்றேன். அத்தை புடவையை மடித்துக்கொண்டே இருந்தார். "ஒரு புள்ளயத் தூக்கிக் குடுத்துட்டன். இன்னொண்ணையும் குடுத்துட்டு நான் இன்னாத்துக்கும்மா இருக்கணும்? எந்த டாக்டரு சரி, எந்த டாக்டரு சரியில்லன்னு உனுக்குத்தான தெரியும்." எனக்குத் தெரியும். உங்களைக் கொடுத்து நான் தெரிந்துகொண்டது அது. அடுத்த வாரம் கடையில் லீவு சொல்லிவிட்டு அவனைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப்போனேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா, வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் உங்கள் கதையைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு அவனை என்னென்ன கேட்டார் என்கிறீர்கள்? என்ன வேலை, கடையில் கழிப்பறை இருக்கிறதா, எத்தனை மணிக்குச் சாப்பாடு, சின்ன வயதில் காசநோய் வந்ததா, எதற்குப் பயப்படுகிறாய் என்று. ஸ்கோப், ஸ்கேன், ரத்தம், மார்பு எக்ஸ்ரே எல்லாம் பார்த்த பிறகுதான் மருந்தையே முடிவு செய்தார். "நாலு பேருக்கு இதே நோய் இருந்தா, நாலும் நாலு மாதிரி. ஒருத்தருக்குக் கேக்குற மருந்து இன்னொருத்தருக்குக் கேக்காது. அதனால குடுத்துட்டு சும்மா இருக்க முடியாது. பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார். உங்களுக்குக் கொடுத்துவிட்டுச் சும்மாதானே இருந்தார்கள்.

குளுக்கோஸ் ஏற்றுவதுபோலக் கையில் ஏற்றுகிற மருந்து. முதல் சில தடவை அடுத்தடுத்து, பிறகு எட்டு வாரத்துக்கு ஒரு முறை. நடுவில் மலம் பரிசோதனை. குடலில் வீக்கம் இருந்தால் மலத்தில் ஒரு புரதம் ஏறுமாம். வலி வருவதற்கு முன்னாலேயே அது காட்டிக்கொடுத்துவிடுமாம். ஸ்கோப் வேண்டாம், கத்தி வேண்டாம். ஒரு சின்ன டப்பா. அவ்வளவுதான் மாமா. உங்கள் உயிருக்கும் சாவுக்கும் நடுவில் இருந்தது அந்தக் கட்டைவிரல் அளவு டப்பா.

முதல் தடவை அதைக் கொண்டுபோக அந்தோணிக்கு வெட்கம். "பஸ்ல எப்படி அண்ணி எடுத்துக்கினு போறது? யாருனா பாத்தா?" என்றான். வாங்கி, கவரில் சுற்றி, என் பையில் வைத்துக்கொண்டேன். பாண்டிச்சேரி போகிற வரைக்கும் பை என் மடியில் இருந்தது. உங்கள் அவமானத்தை ஊருக்கே காட்டியவனுடைய மலத்தை, யாரும் பார்த்துவிடாமல் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தேன். இதற்கு என்ன பெயர் மாமா? கடமையா? கருமமா?

மருந்து வேலை செய்தது. ரத்தம் நின்றது. கன்னத்தில் சதை போட்டது, உங்களுடையதைப்போல உப்பல் இல்லை, உண்மையான சதை. நன்றாக ஆனதும் தன் புத்தியைக் காட்டினான். மறு பரிசோதனைக்கு நாள் வந்தபோது வீட்டுக்கே வந்து நின்றான்.

"அண்ணி, இந்த வாட்டி டெஸ்ட்டு வேணாங்க. நல்லாத்தான் இருக்கறன். வலி கெடயாது, ஒண்ணும் கெடயாது. எதுக்குச் சும்மா அலஞ்சிக்கினு?"

"வலி கெடயாதா?"

"சத்தியமா இல்லீங்க."

"உங்க அண்ணனுக்கும் கெடயாது. செத்த அன்னிக்குக் கூட ஜாஸ்தி வலி இல்லன்னாரு."

அவன் முகம் சுண்டியது. நான் விடவில்லை. "நீ பொழைக்கணும்னு எனக்கு ஒண்ணும் ஆசயில்ல அந்தோணி. உங்க அம்மாவுக்காக வந்துக்கினு இருக்கறன். டப்பாவ எடுத்துக்கினு வா. இல்லன்னா உங்கூட்டு வாசல்ல நின்னு இன்னா வியாதின்னு ஊருக்கே சொல்லுவன்." சொன்னால் செய்துவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும். வந்தான்.

முடிவு வந்தபோது டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். மலத்தில் அந்தப் புரதம் ஏறியிருந்தது. ஒரு வலியும் இல்லாமல் உள்ளே வீக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. உடனே ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கச் சொன்னார். மிகவும் கம்மி. "உங்க உடம்பு இந்த மருந்தைச் சீக்கிரமா கரைச்சிடுது. எட்டு வாரம் உங்களுக்குத் தாங்காது. அஞ்சு வாரத்துக்கு ஒரு தடவை ஏத்துவோம், அளவையும் கொஞ்சம் கூட்டுவோம். திரும்பப் பாப்போம். அதுக்கும் மசியலைன்னா மருந்தையே மாத்துவோம்" என்றார். ஏதோ தையற்காரர் தோள் அளவைச் சரி செய்வதுபோல, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். "இப்ப வரலைன்னா இன்னும் கொஞ்ச நாள்ல ஆபரேஷனுக்கு வந்திருப்பீங்க."

வெளியே நடையில் வரிசையாக நாற்காலிகள். ஒன்றில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. இவ்வளவுதானா? உங்கள் உடம்பு எப்படிப்பட்டது என்று ஒருவர் பார்த்து, கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, இல்லையென்றால் மாற்றி. இவ்வளவுக்காகவா நீங்கள் செத்தீர்கள்?

அந்தோணி ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அண்ணனுக்கும் இதெல்லாம் பாத்திருந்தா...?"

"இருந்திருப்பாரு."

பிறகு, "அந்த வீடியோவ அண்ணன் பாத்தாரா அண்ணி?" என்றான். இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அப்போதுதான்.

"பாத்தாரு. திருப்பித் திருப்பிப் பாத்தாரு. 'சட்ட ரொம்ப அழுக்கா இருக்குது ஸ்டெல்லா, வேற போட்டுக்கினு போயிருக்கலாம்'னு சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல."

முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள், தட்டிக்கொடுப்பேன் என்று நினைத்திருப்பார்கள். நான் தட்டவில்லை. தண்ணீர் பாட்டிலை மட்டும் நடுவில் இருந்த நாற்காலியில் வைத்தேன்.

அதன்பிறகு அவனுக்கு ஐந்து வாரம்தான் கணக்கு. போன ஸ்கோப்பில் புண் ஆறிவிட்டது. ஆறுவதுபோல இல்லை, ஆறியேவிட்டது. ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து பெண் வீட்டார் கை நனைக்க வந்திருந்தார்கள். அத்தை எல்லாரிடமும் வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லி வைத்திருந்தார். பேச்சு முடிகிற நேரத்தில் அந்தோணி எழுந்து நின்று, "எனக்குக் கிரோன் நோய் இருக்குதுங்க. ஆயுசுக்கும் மருந்து ஏத்திக்கணும். எங்க அண்ணன் இதுலதான் செத்தாரு. சூட்டுல சாகல" என்றான். அவர்கள் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். திரும்ப வரவில்லை. அத்தை ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. உங்களுக்காக ஒரு சொந்தக்காரர்கூடச் சொல்லாத வாக்கியத்தை அவன் சொல்லிவிட்டான், அது மட்டும் உண்மை. அதற்காக நான் இளகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

நம் மகள் ஜெனிபருக்கு ஒன்றும் இல்லை. கட்டாயம் வரும் என்று கிடையாது, ஆனால் வயிற்றுக் கோளாறு விடாமல் இருந்தால் அலட்சியம் வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். வயிறு எப்படி இருக்கிறது என்று சோறு போடும்போதே கேட்கிறேன். "அம்மா, சாப்புடும்போதா!" என்று கத்துகிறாள். கத்தட்டும்.

போன வாரம் கோயிலில் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு, அந்தோணியை மன்னித்துவிட்டாயா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். சாமியாரிடம் பொய் சொல்லிவிட்டேன், உங்களிடம் சொல்லமாட்டேன். மன்னிக்கவில்லை. உங்கள் முதலாளியையும் இல்லை, மாலையோடு வந்த அந்த டாக்டரையும் இல்லை. நீங்கள் உயிரோடு இருந்தால் எல்லாரையும் மன்னித்திருப்பீர்கள். அதுதான் எனக்கு உங்கள்மேல் இருக்கிற ஒரே கோபம்.

ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த மருந்துக்கும் அவனோடு போவேன். அதற்கடுத்ததற்கும் போவேன். வரமாட்டேன் என்றால் இழுத்துக்கொண்டு போவேன். அவனை உங்கள் வயதில் சாக விடமாட்டேன். தலை நரைத்து, பல் விழுந்து, நீங்கள் பார்க்காத வயதையெல்லாம் அவன் பார்க்கட்டும். ஒவ்வொரு வயதிலும், இந்த வயது அண்ணனுக்குக் கிடைக்கவில்லையே என்று நினைக்கட்டும். அதற்கு அவன் இருக்க வேண்டும். இருப்பான், நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் மனைவி,
இன்னும் அந்தோணிக்கு அண்ணி,
ஸ்டெல்லா